உன் கிளினிக் வாசலில் என் நாற்காலி

பாப்பா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். முந்தாநாள் காலையில் நான்தான் உன்னைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றி, வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனிலும் பேசிவிட்டாய். நீ நலமாகத்தான் இருக்கிறாய். நலமில்லாமல் இருப்பவன் நான். உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ பயப்படாதே. பயப்படுவதற்கென்றே இந்த வீட்டில் ஒருத்தன் இருக்கிறான். திங்கட்கிழமை அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்வதாகக் கையெழுத்துப் போடப் போகிறாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாய் கடை மாடியில் கிளினிக்குக்காக நீ எடுத்த அறையைக் காலி செய்துவிடுங்கள், நான் யாருக்காக வந்தேனோ அவர்கள் ஒருத்தர்கூட வரவில்லை, இந்த ஊருக்கு இந்த வைத்தியம் வேண்டாம்போல என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நீ கையெழுத்துப் போடுவதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் திரும்பி வந்துவிடுவாயோ என்று பயம். சொல்லாவிட்டால் போயே போய்விடுவாயே என்றும் பயம். நேரில் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து கைகழுவப் போய்விடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அம்மா போனில் படம் பிடித்து அனுப்புவாள்.

உன் அப்பா பயந்தாங்கொள்ளி என்பது ராஜபாளையத்தில் நம் தெருவுக்கே தெரியும். மில்லில் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்க, ஓடுகிற மெஷினில் கைவைக்கிறவனுக்குப் பயம் இருந்தால்தான் நல்லது என்று சொல்லிச் சொல்லி என் பயத்துக்கு ஒரு மரியாதை தேடிக்கொண்டேன். பத்து விரலோடு ரிட்டயர் ஆனேன், அதில் எனக்குப் பெருமைதான். நான் ரிட்டயர் ஆனேனே தவிர, பயம் ஆகவில்லை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் போய்ப் படுத்து, எழுந்து வந்து மறுபடியும் மூடுவேன். நீ முதல்தடவை தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன அன்றைக்கு உனக்குத் தெரியாமல் இன்னொரு சைக்கிளில் பின்னாலேயே வந்தேன். நீ திரும்பிப் பார்த்துவிட்டாய். வண்டியை நிறுத்தி, "அப்பா, ஒண்ணு நீங்க முன்னால போங்க, இல்லாட்டி வீட்டுக்குப் போங்க. நீங்க பின்னால வாரதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாய். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் நீ சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

நீ மதுரையில் எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கால் ஒடிந்தவர்களை என் மகள் நடக்க வைக்கிறாள் என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடமெல்லாம் கேட்காமலே சொல்வேன். பிறகு ஒரு லீவுக்கு வந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சென்னைக்குப் போய் இன்னொரு படிப்புப் படிக்கப் போவதாகச் சொன்னாய். என்ன படிப்பு என்று கேட்டேன். சும்மா இருந்திருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசிவது, கர்ப்பப்பை இறங்குவது, புருஷனோடு சேரும்போது வலிப்பது என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே வரிசையாகச் சொன்னாய். "வயித்துக்கு அடியில தூளி மாதிரி தசை இருக்குப்பா. அது தொய்ஞ்சாலும் கஷ்டம், இறுகிப் போனாலும் கஷ்டம். முறையாப் பழக்கிக் குடுத்தா நெறையப் பேருக்கு நல்லாயிரும்" என்றாய். எனக்குப் புரை ஏறியது. நீ நிறுத்தவில்லை. முட்டி வலிக்கு வந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொன்னாய். "நடந்து காட்டச் சொன்னேன். நடக்கையில தும்முனாக. அம்புட்டுதான், சேலை நனைஞ்சு போச்சு. எங் கையைப் பிடிச்சுக்கிட்டு யார்ட்டயும் சொல்லிராதம்மான்னு கெஞ்சுனாக. கால் ஒடிஞ்சா ஆப்பிளும் பிரெட்டுமாத் தெருவே பாக்க வருது. இதுக்கு யாருப்பா வருவா? நான் இனிமே இவுகளத்தான் பாக்கப் போறேன். எதுக்கு இந்தப் படிப்புப் படிச்சேன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது."

நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். நீ சொன்னது புரியாமல் இல்லை. மெஷின் பெல்ட் தொய்ந்தால் வழுக்கும், இறுகினால் பேரிங் சூடாகும். அதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான். புரிந்ததுதான் பயமாக இருந்தது. இதை ஊருக்குள் என்னவென்று சொல்வது, உன்னை எந்த வீட்டில் பெண் கேட்டு வருவார்கள், வந்தவர்கள் காதில் யார் என்ன ஓதுவார்கள் என்று குழாய்த் தண்ணீரோடு சேர்ந்து எல்லாம் ஓடியது. திரும்பி வந்தபோது உன் அம்மா தரையில் சிந்திய சோற்றுப் பருக்கையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் அவ்வளவு சோறு சிந்தவில்லை என்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

சென்னைப் படிப்பு முடிந்து, பெரிய ஊர்களை விட்டுவிட்டு நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை எடுத்ததும் என் வேலை ஆரம்பித்தது. போர்டில் எழுத நீ சொன்ன வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "பிரசவத்துக்குப் பின் வரும் சிறுநீர்க் கசிவு, கர்ப்பப்பை இறக்கம், இடுப்புத் தசை வலிக்குப் பயிற்சி. பெண்களுக்கு மட்டும்." ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனது நான். கடையில் நாலு பேர் நின்றார்கள். அந்த வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "மூட்டு வலி, முதுகு வலி, கழுத்து வலி" என்று சொல்லி அடித்து வாங்கிவந்தேன். இடம் பத்தவில்லை என்று கடைக்காரர் மாற்றிவிட்டதாக உன்னிடம் சொன்னேன். நீ போர்டையும் பார்த்தாய், என்னையும் பார்த்தாய். "சரி விடுங்கப்பா, வாரவுக வாய்வழியாச் சொல்லிப் பரவட்டும்" என்றாய். நீ அன்றைக்குச் சண்டை போட்டிருக்கலாம். இன்னொன்றும் செய்தேன். போர்டில் உன் நம்பர் ஊருக்கெல்லாம் தெரிந்தால் கண்டவனும் கூப்பிடுவானே என்று என் நம்பரைப் போட்டேன்.

அப்புறம் டவுன் பஸ்ஸில், டீக்கடையில், தேவதானத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களிடத்தில் என்று எல்லா இடத்திலும் "மூட்டு வலி பார்க்கிறாள்" என்றே சொன்னேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என்னோடு மில்லில் வேலை பார்த்தவன், அவன் மச்சான், மச்சானுக்குத் தெரிந்தவன் என்று முதுகைப் பிடித்துக்கொண்டு ஆம்பளைகளாக வந்து இறங்கினார்கள். "ஏலே, ஒம் மக கை பட்டா முதுகுப் பிடிப்பு பறந்துருமாமே!" என்று படியேறும்போதே சத்தம் போடுவார்கள். நீயும் முகம் சுளிக்காமல் பார்த்து அனுப்புவாய். பெஞ்சு நிறைந்திருப்பதைப் பார்த்து எனக்குப் பரம சந்தோஷம். படியேறி வந்து, பெஞ்சைப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப்போன பெண்களை நானும் பார்த்தேன். கூட்டமாக இருக்கிறதே என்று போகிறார்கள் என நினைத்தேன்.

நான் தினமும் வாசலில் வந்து உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. நீ ஆரம்பித்த புதிதில் ஒரு சாயங்காலம், நீ கீழே டீ வாங்கப் போயிருந்த நேரம், ஒருத்தன் படியேறி வந்தான். அவன் மனைவி முதுகு வலி என்று உன்னிடம் வந்திருக்கிறாள். நீ அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாய். அவள் வீட்டில் போய், இனி வலியைப் பொறுத்துக்கொள்ள முடியாது, கொஞ்ச நாள் தள்ளிப் படு என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். "எம் பொண்டாட்டிகிட்ட படுக்கை சமாச்சாரமெல்லாம் கேக்கச் சொல்லி ஒம் மகளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? கல்யாணம் ஆகாத பொண்ணு கேக்குற கேள்வியா இது? இனிமே அவ இங்க வந்தா நடக்குறதே வேற" என்றான். வருகிறவர்களுக்குக் காட்டி விளக்க நீ மேசையில் வைத்திருந்த பிளாஸ்டிக் இடுப்பெலும்பைத் தள்ளிவிட்டான். அது கீழே விழுந்து மூலை உடைந்தது. நான் துடைக்கும்போது தட்டிவிட்டதாகச் சொன்னேனே, அது பொய். அந்த ஆள் அப்புறம் வரவில்லை. ஆனால் படியில் ஒவ்வொரு காலடி கேட்கும்போதும் எனக்கு அவன்தான் வருகிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய்தான்.

அதனால்தான் வாசலில் நாற்காலியைப் போட்டு, டோக்கன் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டேன். வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்து, "என்னம்மா செய்யுது?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவேன். கேட்காதீங்கப்பா என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். யார் எதற்கு வருகிறார்கள் என்று தெரியாமல் எப்படி உள்ளே விடுவது என்று நான் மல்லுக்கு நின்றேன். போனும் அப்படித்தான். புது நம்பரில் இருந்து கூப்பிடுவார்கள், நான் "யாரு?" என்றதும் எதிர்ப்பக்கம் மூச்சுக் காட்டாமல் வைத்துவிடுவார்கள். பாங்கு மோசடிக்காரன் இப்படித்தான் கூப்பிட்டுப் பார்ப்பான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வந்த நம்பரையெல்லாம் ஒன்றுவிடாமல் ப்ளாக் பண்ணினேன். பணத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. அந்த மூச்சுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருப்பாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

வன்னியம்பட்டியிலிருந்து வந்த அந்த அக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். முதல் நாள் படி ஏறி வந்து, "டாக்டரம்மா இருக்காகளா?" என்றாள். பெஞ்சில் மூன்று ஆம்பளைகள். நான் வழக்கம்போல, "என்னம்மா செய்யுது?" என்றேன். பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "கழுத்து வலி" என்றாள். உள்ளே நீ கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவோ கேட்டும் அதே கழுத்து வலிதான். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் பேசுகிற பேச்சு அவளுக்குக் கேட்கும்போது, அவள் பேசுவது எங்களுக்குக் கேட்காது என்று அவள் எப்படி நம்புவாள்? மறுபடியும் வந்தாள், மறுபடியும் கழுத்து வலி. அன்றைக்கு வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "அந்த அக்காவுக்குக் கழுத்துல ஒண்ணுமே இல்லப்பா. வேற என்னமோ சொல்ல வாறாக. நெஞ்சு வரைக்கும் வருது, வாய்க்கு வர மாட்டேங்குது." அதற்கு மேல் அவள் வரவில்லை. நீ சில நாள் சாயங்காலம் விளக்கை அணைக்காமல் அவளுக்காகக் காத்திருந்தாய். அதன் பிறகுதான் கோயம்புத்தூருக்கு விண்ணப்பம் போட்டாய்.

நீ போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரி, வாசலில் யூனிஃபார்ம் போட்ட காவலாளி, அங்கே எவனும் படியேறி வந்து மேசையைத் தள்ள முடியாது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய், நான் நாற்பது நாள் விரதம் முடித்தவன் மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன். இப்படி ஒரு அப்பன்.

நேற்று அறையைக் காலிசெய்ய அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நீ அங்கே உட்கார்ந்த நாள் முதல் அவள் அந்த மாடிக்கு வந்ததே இல்லை. வீட்டில் கூலிக்கு எடுத்துச் செய்யும் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை கிடக்கிறது என்பாள், மூட்டு வலி என்பாள். நேற்று நான் கட்டாயப்படுத்தினேன். உன் கட்டிலைத் துடைத்து, திரையைக் கழற்றி மடித்தாள். வேர்த்துப்போய், "செத்த நேரம் காத்து வாங்கிக்கிறேன், எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க" என்று வாசலில் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கீழே போய் டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். படி பாதி ஏறியதும் மேலே இன்னொரு பெண்ணின் குரல் கேட்டது. வன்னியம்பட்டி அக்கா.

"அந்தப் பெரியவரு இல்லையாம்மா?" என்று கேட்டாள். "இல்ல, டீக்கடைக்குப் போயிருக்காக. நீ உக்காரு." "டாக்டரம்மா?" "ஊருக்குப் போயிருக்கா. நான் அவ அம்மா." வந்தவள் பெஞ்சில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "எனக்குக் கழுத்துல ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு தடவை போன் போட்டேன், ஆம்பளைக் கொரலு, வச்சிட்டேன். நேர்ல வந்தா அதே கொரலு வாசல்ல உக்காந்திருக்கு." அதற்கு மேல் தன் உடம்பைப் பற்றி அவள் சொன்னதை நான் எழுத மாட்டேன். அது உன்னிடம் அவள் சொல்ல வேண்டியது, நான் கேட்டிருக்கவே கூடாது. இறங்கிப் போக நினைத்தும் கால் வரவில்லை. "பெருமாள் கோயிலுக்குப் போயி எம்புட்டு வருசமாச்சு தெரியுமா? ஈரத்தோட சாமி முன்னால எப்படிம்மா நிக்க?" என்று அவள் அழுதது மட்டும் கேட்டது. உன் அம்மா, நான் இத்தனை வருடத்தில் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்: "நானும் போறதில்லம்மா. எனக்கும் அதேதான்."

டீ ஆறிப்போய்விட்டது. நான் சத்தமில்லாமல் இறங்கிப்போய் பாய் கடை வாசலில் நின்றுகொண்டேன்.

பாப்பா, ஒவ்வொரு புரட்டாசிச் சனிக்கிழமையும் நீயும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற நம்ம திருவண்ணாமலைப் பெருமாள் மலைக்குப் போவோமே, அம்மா ஒருநாளாவது படியேறியிருக்கிறாளா? அடிவாரத்தில் நம் செருப்புகளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூட்டு வலி, என்னால ஏற முடியாது, நீங்க போயிட்டு வாங்க என்பாள். நான் கேலி செய்வேன். வீட்டில் தண்ணிக் குடத்தோட மாடிக்கு ஓடுறவளுக்கு மலையைப் பார்த்தா மட்டும் மூட்டு வலிக்குதாம் என்று உன்னையும் சிரிக்க வைப்பேன். அவளும் சிரிப்பாள். பேண்டேஜ் துணியில் வெட்டிக் கழித்த துண்டுகளை ஒரு பை நிறையச் சேர்த்து வைத்திருப்பாள். தரை துடைக்க என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டுக்குப் போனால் வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள், யாராவது வேடிக்கையாகப் பேசினால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவாள். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. பக்கத்து வரிசையில் ஒரு மெஷினின் சத்தம் மாறினால்கூடக் கண்டுபிடிக்கிறவன் நான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "மூட்டு வலின்னுதானே இத்தனை நாளும் சொன்ன?" அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களுந்தான் ஊர் பூரா ஒங்க மக மூட்டு வலி பாக்குறான்னு சொன்னீக."

வீட்டுக்கு வந்து, மகளிடமாவது சொல்லியிருக்கலாமே, அவள் படித்ததே இதற்குத்தானே என்று கேட்டேன். எப்போதிருந்து இப்படி என்றும் கேட்டேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொன்னாள். இதை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க. எப்பருந்துன்னு மட்டும் எழுதிராதீக" என்றாள். நான் எழுதவில்லை. ஆனால் அவள் பெற்றது ஒரே பிள்ளை, அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, எழுதாததையும் படித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டு நீ உன்னை நொந்துகொள்ளக் கூடாது என்றுதான் அவள் இவ்வளவு காலமும் வாயைத் திறக்கவில்லை. அதனால் தயவுசெய்து நொந்துகொள்ளாதே. அழுகை வந்தால் அழுதுவிட்டு, அவளிடம் எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேள். உனக்குத்தான் கேட்கத் தெரியும்.

இப்போது என் பயத்துக்கு வருகிறேன். நான் இதை எழுதாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட்டிருப்பாய். தேவதானத்துக்காரர்களிடம் இன்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று நிமிர்ந்து சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு வேண்டியது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இப்போதுகூட ஒரு கை துடிக்கிறது. ஆனால் யாருமே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நீ போவதை என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் வந்தார்கள், பாப்பா. படியேறி வந்தார்கள், போன் போட்டார்கள். நீ தேடி வந்த வேலை இந்த ஊரில் இருக்கிறது. நான்தான் வழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். உனக்குக் கெடுதல் நினைத்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

வா என்று உன்னை நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஆள் மறுபடியும் வரலாம். அவன் இல்லாவிட்டால் இன்னொருத்தன் வருவான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நீ போர்டில் அந்த வரியை எழுதினால் நம் சொந்தத்திலேயே சிலர் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டார்கள். தேவதானத்து வரன் நிச்சயமாகப் போய்விடும். இதையெல்லாம் மறைத்து வைத்துக்கொண்டு உன்னை வரச்சொன்னால் அது இன்னொரு போர்டு வேலையாகிவிடும், அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரிலும் இந்த வேலைக்கு ஆட்கள் இருப்பார்கள். அங்கே இருக்கிறேன் என்று நீ முடிவு செய்தாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். எதுவானாலும் தெரிந்துகொண்டு முடிவு செய்.

நான் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். போர்டில் இருக்கிற நம்பரின் சிம்மை அம்மா போனில் போட்டுவிட்டேன். ப்ளாக்கை எடுக்க எனக்குத் தெரியவில்லை, அம்மா எடுத்தாள். இன்று காலையில் ஒரு அழைப்பு வந்தது. அம்மா "சொல்லும்மா" என்றாள். எதிர்ப்பக்கம் வைக்கவில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், தோசை கருகியது. பாயிடம் அறையை இப்போதைக்கு யாருக்கும் விட வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஆள் வந்த கதையையும் சொன்னேன். "கீழ கடை நெறைய நாங்க இருக்கோம். எவனாச்சும் சத்தம் போட்டா மேல வர மாட்டமா? நீங்க எதுக்கு மாடில உக்காந்து வேர்க்குறீக?" என்றார். கேட்டபோது ஒரு நிமிஷம் தெம்பாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் பயம் வந்துவிட்டது. நீ வந்தால், அந்த நாற்காலியில் அம்மா உட்காருவாள். வன்னியம்பட்டி அக்காவிடம், உங்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நான் அந்தப் படியில் கால் வைக்க மாட்டேன். வீட்டிலிருந்தபடியே, நீங்கள் இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை பயந்துகொண்டிருப்பேன். பயப்படுகிறது என் வேலை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன் வேலையைப் பார்.

அம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். நீயே கேளேன் என்றேன். எனக்கு வெட்கமா இருக்கு, கடைசி வரியா எழுதுங்க என்றாள். இந்தப் பயிற்சியெல்லாம் செய்தால் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமைக்குள் அவளால் மலையேற முடியுமா? அவசரம் ஒன்றுமில்லையாம், இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடம் போதுமாம். எந்த வருடமானாலும் நீ அவளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. செருப்புகளை அடிவாரத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா